பச்சை உடம்புக்குத் தண்ணீர்

கற்பக விநாயகரே, என் நாக்கில் வந்து நில்லும். எழுதுவது கைதான் என்றாலும், நான் கேட்பது நாக்கைத்தான். ஒரு தடவை என் பேச்சை முழுக்க எடுத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தவர் நீர். திருப்பித் தந்தது எதற்காக என்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். காரைக்குடிக்குப் பக்கத்தில் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து ஆத்தங்குடியில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் அங்கே தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். என் தலைப்பிள்ளை பிறந்தபோது எனக்கு வந்த நோயைப் பற்றி யாராவது கேட்டால், சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கோபம் வந்து நாக்கு திக்கிவிடுகிறது. எழுதினால் திக்காது அல்லவா, அதனால் எழுதுகிறேன். பிள்ளை பெறப்போகிற பெண் வைத்திருக்கிற வீட்டார் யாராவது படித்தால் போதும்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த வீட்டில் அப்போது ஆத்தா, அண்ணன், மதினி மூவர்தான். ஐயா முன்பே காலமாகிவிட்டார். மதினி பெயர் வள்ளிக்கண்ணு. திருக்கோஷ்டியூர்ப் பக்கத்துப் பெண். அண்ணனைக் கட்டிச் சில வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்த ஒரு குறைக்காக அவள் செய்த வேலைக்கு அளவில்லை. என் கால் வீங்கி, கெண்டைச்சதையில் நரம்பெல்லாம் பச்சைப் பச்சையாகப் புடைத்துத் தெரிந்தபோது, தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துவிட்டு, "ரெண்டு பேரச் சொமக்குற காலு, மொனகத்தான் செய்யும்" என்பாள்.

அக்கினி நட்சத்திரத்தில் பையன் பிறந்தான். மருத்துவச்சி வந்து வீட்டிலேயே நல்லபடியாகப் பிறந்தது. ஆத்தா பிள்ளையார்பட்டித் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். அதன் பிறகுதான் என்னை அந்த அறையில் வைத்துச் சாத்தினார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற உடம்பைப் பச்சை உடம்பு என்போம். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது, எழுந்து நடமாடுவது ஆகாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், பால் நீர்த்துப்போகும், சன்னி வந்துவிடும் என்பார்கள். சன்னி என்றால் உடம்பு விறைத்து, கை கால் இழுத்து, புத்தி பேதலித்துப் போவது. அந்தப் பயம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆகவே சுக்கும் திப்பிலியும் இடித்துக் கிளறிய மருந்து உருண்டை, மிளகும் பூண்டும் போட்ட குழம்பு, சுட்ட கருவாடு, வறண்ட சோறு. மருந்து இறங்குவதற்கு மட்டும் பாலாடையில் கொஞ்சம் வெந்நீர். பாலாடை என்பது பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னச் சங்கு மாதிரிக் கிண்ணம். அந்த வெயிலில், சாம்பிராணிப் புகை போட்டுச் சாத்திய அறையில், அவ்வளவுதான் எனக்குத் தண்ணீர். பிள்ளை வேறு என்னை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, ஒரு வாய் தண்ணி."

"பெத்த வயிறு பச்சப் புண்ணுடி. புண்ணுல யாராச்சும் தண்ணி ஊத்துவாகளா? பொறுத்துக்க. ஒன்னயப் பெத்தப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன். செத்தா போயிட்டேன்?"

"நீ ஐப்பசி மழையில பெத்த."

"பாரு, வாயி நீளுது. ஒடம்பு தேறிக்கிட்டு வருது, அதான்."

ஆத்தா கெட்டவள் இல்லை. அதை இங்கேயே எழுதிவிட வேண்டும். நான் பட்டினி மாதிரிக் கிடந்த நாளெல்லாம் அவளும் வயிறாரச் சாப்பிடவில்லை. என் கால்மாட்டிலேயே படுத்திருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் என் மனசு இவ்வளவு கசந்திருக்காது. மகள் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டே தண்ணீரை மறைத்து வைத்தாள்.

முற்றத்தில் யாராவது பானையிலிருந்து மொள்ளுகிற சத்தம் கேட்டால் என் தொண்டை தானாக விழுங்கும். விழுங்குவதற்கு வாயில் ஒன்றும் இருக்காது. உதடு வெடித்துப்போயிற்று. பிறகு ஒருநாள் காலையில் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை. உச்சந்தலைக்குள் யாரோ கதவை இடிப்பது போல. குனிந்தால் கண் இருட்டியது. பிள்ளைக்குக் கட்டுகிற துணியின் முடிச்சைப் போட முடியாமல் வலது கை விரல்கள் மரத்து வழுக்கின.

மதினி சலவைத் துணி கொண்டு வந்தபோது அவளிடம்தான் சொன்னேன்.

"மதினி, தல பொளக்குது. கை என் கையா இல்ல."

அவள் என் நெற்றியைத் தொட்டாள். உதட்டைப் பார்த்தாள். "ஏ புள்ள, நாக்கு கட்டயாக் கெடக்கே. அயித்தகிட்டச் சொன்னியா?"

"சொன்னா இன்னொரு மருந்துருண்ட வரும்."

மதினி சிரித்துவிட்டாள். சிரித்த முகம் உடனே மாறிப்போயிற்று. வெளியே போய்ச் சேலைத் தலைப்புக்குள் ஒரு செம்பை மறைத்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தேன். வலது கை பிடிக்கவில்லை. அவளே என் வாயில் ஊற்றினாள். ஒரு வாய்தான் உள்ளே போயிருக்கும். மீதி மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அந்த நேரம் ஆத்தா கதவைத் திறந்தாள்.

செம்பு தரையில் உருண்டது.

"அடிப் பாவி! என் மகள ஏன்டி கொல்லப் பாக்குற?"

"கேட்டா, குடுத்தேன் அயித்த. மொகத்தப் பாருங்க, வெந்து போயிக் கெடக்கு."

"கேட்டா விஷத்தக்கூடக் குடுப்பியா? ஒன் வயித்துல ஒண்ணும் இல்லைன்னு எம் மக வயித்த எரிக்க வந்தியா?"

மதினி குனிந்து செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று வெயில் இறங்குவதற்குள் எனக்கு வலது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. சன்னி வராமல் இருக்கத்தான் தண்ணீரைத் தடுத்தார்கள், சன்னி வந்தேவிட்டது. வந்ததும் ஊரே ஒரு முடிவுக்கு வந்தது: பச்சை உடம்பில் தண்ணீர் பட்டுவிட்டது, கொடுத்தவள் பிள்ளையில்லாதவள்.

இதற்கு மேல் நடந்ததை வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்து விபூதி போட்டிருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் வற்ற வேண்டும் என்று அந்தப் பாலாடை வெந்நீரையும் நிறுத்தியிருக்கிறார்கள். மறுநாள் பட்டறையில் சேதி கேட்டு இவர் சைக்கிளில் வந்து பார்த்தால், நான் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறேன், கூப்பிட்டால் திரும்பவில்லை.

"அயித்த, ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்."

"தீட்டுக் கழியாத ஒடம்ப வெளிய எடுக்கக் கூடாது மாப்ள. காத்துப் பட்டா போயிரும்."

"காத்துப்பட்டுப் போனா நான் பாத்துக்கிறேன். நீங்க பாத்துக்கிட்டதுல போனா யாரக் கேக்கட்டும்?"

தாய்வீட்டு வாசலில் மாப்பிள்ளை குரல் உயர்த்தினார் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. அண்ணன்கூட முறைத்திருக்கிறார். மதினி ஒருத்திதான் என்னைத் துணியில் சுற்றிக் காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். பட்டறை முதலாளி தம் பிளஷர் காரை அனுப்பினார். காரைக்குடி ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு ஊசியைப் போட்டு, "இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், அதே காரில் மதுரைக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் நான் முதலில் கண்டது ஒரு சொட்டு. தலைக்கு மேலே கண்ணாடிப் புட்டி தொங்கியது. அதிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக என் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் தண்ணீர் என்று சிஸ்டர் சொன்னார். வாயால் கேட்டுக் கிடைக்காதது ஊசியால் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அழுகை வந்தது, கண்ணீர் வர இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

என்னென்னவோ சோதனை செய்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற நீர் அந்த வழியாகத்தான் இறங்கி வருமாம். அதில் சீழ் இருந்தால் மூளைக்காய்ச்சல் என்று தெரியும். எனக்குச் சீழ் இல்லை. காது மடலில் குத்தி, வருகிற ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி, எப்போது நிற்கிறது என்று பார்த்தார்கள். இன்னொரு ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். சாய்த்தால் ஓடாமல் எப்போது நிற்கிறதோ, அதுதான் உறையும் நேரமாம். என் ரத்தம் அவசரப்படுகிறது என்றார் குழாயைப் பிடித்திருந்தவர்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். என் வீட்டுக்காரரைக் கட்டில் பக்கத்திலேயே நிற்கவைத்து விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் உறையவைக்கிற சக்தியும் உண்டு, உறையவிடாமல் தடுத்துக் கரைக்கிற சக்தியும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் ரத்தம் ஓடுகிறது, காயம் பட்டால் நிற்கவும் செய்கிறது. பெண் கர்ப்பமானால் ரத்தக்குழாய்கள் பிள்ளைக்காக இளகி விரிந்து கொடுக்கின்றன. கால் வீங்குவதும் நரம்பு புடைப்பதும் அதில் சேர்ந்ததுதான். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிகிறபோது, அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை குழாய்களும் வாய் திறந்து கிடக்கும். அவை உடனே மூடாவிட்டால் தாய் அங்கேயே ரத்தம் போய்ச் செத்துவிடுவாள். அதற்காக உடம்பு முன்னாலேயே, மாசக்கணக்காக, உறையவைக்கிற பக்கத்தின் கையை ஓங்கவைத்துத் தயாராக இருக்கிறது. பிரசவம் முடிந்து சில வாரம் வரை அந்தக் கை தாழ்வதில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்காமல் ரத்தத்தைக் கெட்டியாக்கி, நடக்கவும் விடாமல் படுக்கப்போட்டால், ஓட்டம் மந்தமான இடத்தில் கட்டி விழும். சில பேருக்குக் காலில் விழும். எனக்குத் தலையில், அழுக்கு ரத்தம் திரும்பிப் போகிற குழாயில் விழுந்துவிட்டது. போக வழியில்லாமல் ரத்தம் தேங்கி, மூளையின் இடது பக்கம் வீங்கிவிட்டது. அதனால்தான் வலது கை, வலது கால், பேச்சு.

இவர் கைகட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "டாக்டரய்யா, நாங்க பூக்கல்லு அடிச்சா அதத் தொட்டித் தண்ணியில நாளு கணக்கா ஊறப்போடுவோம். இல்லாட்டி வெடிச்சுரும். கல்லுக்குத் தண்ணி காட்டுற ஊருய்யா எங்க ஊரு."

ரத்தம் உறையாமல் தடுக்க ஹெப்பாரின் என்று ஒரு ஊசி போடலாமா வேண்டாமா என்று டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. போட்டால் கட்டி மேலும் வளராது. ஆனால் பச்சை வயிற்றில் ரத்தம் உடைத்துக்கொண்டாலும் கொள்ளும், மூளையில் கசிந்தாலும் கசியும். கடைசியில் பெரிய டாக்டர் பொறுப்பேற்றுக் கொஞ்சமாகப் போட்டார். வேளை தவறாமல் அந்தக் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போட்டார். மருந்து கிடைக்காத நாளில் இவர் மதுரைக் கடைகளில் எல்லாம் அலைந்தார். செலவை எழுதப் போவதில்லை. பணம் போனது திரும்பி வந்துவிட்டது. என் கசப்பு பணத்தால் வந்தது இல்லை.

இழுப்பு நின்றது. காலில் உயிர் வந்தது. பிள்ளையை ஆத்தங்குடியில் மாமியார் பசும்பால் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். பால் கட்டி என் நெஞ்சு கல்லாகக் கிடந்ததை எந்த டாக்டரிடமும் சொல்ல எனக்கு வாய் இல்லை. இவர் ஆண்பிள்ளைக் கையால் என் தலையை வாரிச் சடை போட்டுவிடுவார். அடுத்த கட்டில் அம்மாள் பார்த்துவிட்டு, "தம்பி, அது சடையா, வைக்கப்பிரியா?" என்பார். வார்டே சிரிக்கும். நானும் ஒரு பக்க வாயால் சிரிப்பேன்.

அப்போது ஒருநாள் ஆத்தா வந்தாள். பிள்ளையார்பட்டியில் அங்கப்பிரதட்சணம் செய்து முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. என் நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் காதோரமாகச் சொன்னாள்:

"நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத. அந்தச் சண்டாளிய அவ ஊருக்கு அனுப்பியாச்சு. ஒங்கண்ணன் கொண்டுபோயி விட்டுட்டு வந்துட்டான். இனிமே நம்ம வீட்டுப் படி ஏற மாட்டா."

தலைவலி முன்னாலேயே வந்துவிட்டது, கை முன்னாலேயே மரத்துவிட்டது, தண்ணீர் அதற்குப் பிறகுதான். நான் கேட்டேன், அவள் கொடுத்தாள். இது எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரிந்தது. மதினி சொன்னால் யார் நம்புவார்கள்? நான்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மனசுக்குள் வார்த்தை முழுசாக இருந்தது. வெளியே வந்தது வேறு.

"கதவு" என்றேன். "கதவு… கதவு…"

ஆத்தா எழுந்து போய் வார்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "காத்து அடிக்குதாம், பாவம்" என்றாள் அடுத்த கட்டில்காரியிடம்.

அன்றிலிருந்து மற்ற எதையும் நான் சாமியிடம் கேட்கவில்லை. கை வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் வாயில் வர வேண்டும், மதினி பேருக்கு ஒட்டியதைத் துடைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். "தலவலி முந்தி. தண்ணி பிந்தி." நீளமாக வராது என்று தெரிந்து அதைச் சுருக்கி வைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். தலை வரும், வலி வராது. முந்தி என்று நினைத்தால் முறம் என்று வரும். இவர் முதலில் சிரித்தார். ஒருநாள் என் கண்ணீரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். "தல…" என்பார். "தல" என்பேன். முழு வாக்கியமும் வந்த அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. "அப்ப அந்தப் புள்ளயச் சும்மாவா வெரட்டுனாக?" என்றார்.

ஆத்தா அடுத்த முறை வந்தபோது அவளைப் பெரிய டாக்டரிடமே கூட்டிப்போனார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, தண்ணீர் கொடுத்ததால் வந்த நோய் இல்லை இது. கொடுக்காததால் வந்தது. உங்கள் மருமகள் இன்னும் நாலு செம்பு கொடுத்திருந்தால் நல்லது."

ஆத்தா கும்பிட்ட கையை இறக்கவில்லை. "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றாள். வராந்தாவுக்கு வந்ததும் இவரிடம் சொன்னாள்: "பெரிய டாக்டருதான், இல்லைங்கல. ஆனா மாப்ள, அவரு புள்ளயா பெத்தாரு?"

வீடு வந்து சேர்ந்தேன். இடது காலுக்குத் துணையாக வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. முதலில் தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். என்னைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. ஆத்தா எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள். நான் உட்காரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து, மதுரையிலிருந்து வாயிலேயே வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே. தலவலி முந்தி. தண்ணி பிந்தி. நான் கேட்டேன். மதினி மேல… குத்தமில்ல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளையாரே, கொடுத்துவிட்டீரே என்று நினைத்தேன்.

எங்கள் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "பெத்தவளுக்குத் தலவலி வரத்தான செய்யும்? அது யாருக்கு வரல? தண்ணி பட்டதுக்கு அப்புறந்தான சன்னி கண்டுச்சு?"

"அது மட்டுமா?" என்றாள் இன்னொருத்தி. "மூளையில அடைப்பு விழுந்த புள்ள. முந்தி எது, பிந்தி எதுன்னு அதுக்கு எப்படி ஞாபகமிருக்கும்? மதினி மேல பாசம், சொல்லுது பாவம்."

இவர் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். பச்சை உடம்பைப் பற்றி ஆம்பளைகளுக்கு என்ன தெரியும் என்று பெண்கள் சிரித்தார்கள். நோய் என் பேச்சை எடுத்தது ஒரு பாதி. திரும்பி வந்த பேச்சை, நோயாளிப் பேச்சு என்று ஒதுக்கி இவர்கள் எடுத்தது மறுபாதி. நான் அழுத அழுகையைப் பார்த்து ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லார் காதிலும் விழச் சொன்னாள்:

"அழுகாதடி என் ராசாத்தி. ஒனக்காக அவள மன்னிச்சுட்டேன். போயிக் கூட்டியாங்கடா. போனது போகட்டும், அறியாப் புள்ள, தெரியாமக் குடுத்துட்டா. நான் மன்னிச்சுட்டேன்."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஆத்தாவின் பெரிய மனசை மெச்சினார்கள்.

அண்ணன், இவர், நான் மூவரும் திருக்கோஷ்டியூருக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து மதினி ஊருக்கு மாட்டுவண்டியில் போனோம். மதினி நெல் அவித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அகப்பையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். என் வலது கையை எடுத்து விரல் விரலாக நீவிப் பார்த்தாள்.

"மடங்குதா புள்ள?"

"கொஞ்சம்."

"புள்ள எப்படி இருக்கான்? ஒங்கிட்ட வாரானா?"

"வர மாட்டேங்கிறான்."

"வருவான். பால் மறந்திருப்பான், வாசன மறக்க மாட்டான்."

அண்ணன் தூரத்திலேயே நின்றார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "ஆத்தா ஒன்னய மன்னிச்சுட்டாக. கெளம்பு" என்றார்.

மதினி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எதுக்கு மன்னிச்சாகளாம்?"

அண்ணன் வண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னியா புள்ள? தலவலிய, கைய, எல்லாத்தயும்?"

"சொன்னேன் மதினி. சாமி சத்தியமா… சொன்னேன்."

"கேட்டாகளா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. மதினி என் கையை விடவில்லை. "ஒனக்குத் தெரியும்ல, அது போதும்னு சொல்லணும்னு தோணுது" என்றாள். "சொல்ல வரல. போதல புள்ள."

பிறகு அண்ணனிடம், "நெல்லு எறக்கிட்டு வாரேன், உக்காருங்க" என்றாள். அன்று சாயங்காலம் எங்களோடு வந்தாள். வராமல் எங்கே போவாள்? அப்பன் வீட்டில் இரண்டு தம்பிகளுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழாவெட்டி அக்காள் இருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? ஆத்தா வாசலிலேயே நின்று, "வா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்றாள். மதினி குனிந்து உள்ளே போனாள். நான் ஆத்தாவுக்கு எதிரே நின்று, "மன்னிக்கணும்னா மதினிதான் மன்னிக்கணும்" என்றேன். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை, அவ்வளவு தெளிவாக வந்தது. அண்ணன், "ஆத்தாவ அழ வைக்காத, நீ பொழச்சதே அவுக வேண்டுதல்ல" என்றார்.

சில வருஷம் போய்விட்டது. என் கையில் இப்போது நூல் கோக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டாவது பிள்ளையை மதுரையில்தான் பெற்றேன். ஒருதடவை கட்டி விழுந்த ரத்தம் மறுபடியும் அப்படிச் செய்யக்கூடும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் குடி, குடி என்று விரட்டினார்கள். பெற்ற மறுநாளே எழுந்து நடக்கவைத்தார்கள். பக்கத்தில் மதினியைத்தான் வைத்துக்கொண்டேன். அதற்காக ஆத்தா அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று வரவில்லை.

எங்கள் தெருவில் இப்போதும் பிள்ளை பெற்றவளுக்குப் பாலாடைத் தண்ணீர்தான். போய்ச் சொல்லிப் பார்த்தேன். உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறார்கள், கேட்டுக்கொள்கிறார்கள், அறையைச் சாத்திக்கொள்கிறார்கள். எந்த வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் மதினி அந்த வாசல் பக்கம் போகமாட்டாள். போகாதே என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே சுற்றுவழியாகக் காட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

போன மாசம் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். மதினியும் நானும் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் விதை நெல் கேட்டு வந்த ஒரு வெளியூர்க்காரர், அண்ணன் பேரைச் சொல்லி வீட்டை விசாரித்தார். பாய் பின்னிக்கொண்டிருந்த கிழவர் தலையை நிமிர்த்தாமலே சத்தமாகச் சொன்னார்:

"அவன் வீடா? அந்தா அங்குட்டு மூணாவது. பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்தாளே ஒருத்தி, அவ வீடு."

மதினி ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "ஆள் வாராக பாரு. உள்ள போயி ஒங்கண்ணன எழுப்பு" என்றாள்.